தட்டிப் பார்த்து

எங்கள் பின்னிஷ் மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான்.
உன்னைப் பற்றி யாரிடம் பேசினாலும்
என் நாக்கு இடறவில்லை.
இடறியது
தம்பேரேயில் வேலை என்று நீ போன
பதினோரு வெள்ளிக்கிழமைகளில்.

பூப்போட்ட சட்டை ஒரே வாரத்தில் பழகிவிட்டது, சாய்மி.
மேசைமேல் நீ வைத்துவிட்டுப் போன
இல்லாத வேலைகளின் பட்டியலை,
அந்த அழகான கையெழுத்தை,
இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

வியாழன் மாலை, நூலக மாடி. ஐந்து பேர்.
முதல் நாள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.
லாரி ஓட்டும் ரௌனோ சொன்னார்
(அவர் மனைவி இப்போது ஏலிஸ், தாடி வளர்க்கிறான்):
"நான் அழுததெல்லாம் சலவை மெஷின்
சத்தம் போடும் நேரமாகப் பார்த்து."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் வீட்டிலும் அந்த மாதம்
துவைத்த துணியையே துவைத்தேன்.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

மார்ச். கடல் இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
ஹைலுவோத்தோ பக்கம் மீன் பிடிக்கப் போகிறோம்.
கடப்பாறையோடு நீ முன்னால்;
அடிக்கு ஒரு தட்டு.
போன வருடம் தாங்கிய இடமாயிற்றே என்று
யாரும் இங்கே கால் வைப்பதில்லை.

"கேட்க நினைத்ததைக் கேள்" என்கிறாய், திரும்பாமல்.

அந்த வெள்ளிகளில் எங்கே சாப்பிட்டாய்?

"ஸ்டேஷனில். மீன் சூப். தனியாக."

சின்னப் பதில்.
ஒரு காலை வைத்துப் பார்க்கிறேன்.
மற்றது இன்னும்
பின்னால்தான் இருக்கிறது.