கீழிமை

பேலர்.
வெளுத்த சட்டைக்கு இந்தச் சொல் பொருந்தாது,
சுண்ணாம்புச் சுவருக்கும் வராது.
இரத்தம் விலகிப்போன உடம்புக்கு மட்டும்.

பிளிமத், ஜனவரி, விடிகாலை மூன்று மணி.
படிவத்தின் ஏழாம் வரி: பேலர், உண்டா இல்லையா.
பயிற்சி மருத்துவர் வாசலில் நின்றபடியே
எவரார்ட் பின்னக்கின் கறுத்த முகத்தைப் பார்த்து
'இல்லை' என்று குறித்துவிட்டுப் போனார்.

மாடிப்படி ஏறினாத்தான் மூச்சு வாங்குது, என்றார் எவரார்ட்.
முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

மோர்வென்னா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
அவர் கீழிமையை மெல்லத் தாழ்த்தினாள்.
செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய இடம்
சிப்பியின் உட்புறம்போல் இருந்தது.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
உள்ளங்கையை விரித்து
ரேகைகளுக்குள் தேடினாள்,
ஜோசியக்காரி தோற்றாள்.

என்னம்மா எழுதறே?
நிறம் போயிடுச்சுன்னு.

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும்.
'இந்த ஊருக்கு வந்த நாளா
எல்லாரும் எங்கிட்ட பார்த்தது அது ஒண்ணைத்தான்.
போயிடுச்சா?'

அவள் பதில் சொல்லவில்லை.
'இல்லை'யை அடித்துவிட்டு
இரத்த வங்கிக்குப் போன் போட்டாள்.
அந்தப் பக்கம்
மணி அடித்துக்கொண்டே இருந்தது.