கால் மாற்றும் வரை

கச்சான் ஓய்ந்து மூன்று நாள்.
பனிச்சங்கேணிப் பாலத்தடியில்
மோட்டார் சைக்கிளைச் சரித்து நிறுத்துகிறான் இம்தாத்.
பையில் கொண்டுவந்த பணிஸ் நாலும்
பைனாகுலருக்கு அடியில் அப்பளமாய்க் கிடக்கின்றன.

நான் ஐந்து ஐந்தாக எண்ணுகிறவள்.
வாழைச்சேனை ஆஸ்பத்திரியின் மருந்துச் சாளரத்தில்
பத்தொன்பது வருடம்
குளிசைகளைக் கரண்டியால் தள்ளித் தள்ளி வந்த பழக்கம்.
சேற்றில் உள்ளான்களும்
அப்படித்தான் போகின்றன,
ஐந்து, ஐந்து, ஐந்து,
நடுவில் ஒரு உப்புக்கொத்தி
வேறு போத்தலில் இருந்து விழுந்ததுபோல.

இம்தாத் எண்ணுவது பத்துப் பத்தாக.
ஹாட்வெயார்க்காரன், ஆணியை நிறுத்து விற்கிறவன்.
எனக்கு நானூற்று இருபத்தைந்து,
அவனுக்கு ஐந்நூற்றுப் பத்து.
"உங்கட கண்ணுக்குக் கஞ்சத்தனம் கா."
"உன்ட தராசு ஓட்டமாவடிக்கே தெரியும்."

திரும்ப எண்ணத் தொடங்குகையில்
எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு வல்லூறு.
களப்பு முழுவதும் ஒரே உதறலில் எழும்பிற்று.
வெள்ளை, மறுகா சாம்பல், மறுகா வெள்ளை.
யாரோ தட்டைத் தட்டிவிட்டார்கள்.

ஒன்றையும் பிடிக்காமல்
வாகரைப் பக்கம் போயிற்று வல்லூறு.
இறங்கியவை எழும்பியவைதானா,
வேறெங்கோ இருந்து வந்து கலந்தவையா?
'தெரியாது' என்று
கொப்பியில் எழுதினான் இம்தாத்.
அதற்குக் கீழே கோடும் அடித்தான்.

அந்தக் கருவால் மூக்கனைப் பிறகுதான் கண்டோம்.
நீண்ட சொண்டை முதுகில் செருகி
ஒற்றைக் காலில் நின்றது.
வயிற்று இறகுக்குள் மடித்த மற்றக் காலில்
மஞ்சளாய் ஏதோ, ஒரு நகத்தளவு.
பனி விழுகிற ஒரு ஊரில் யாரோ
இதைக் கையில் பிடித்து
எண் மாட்டி விட்டிருக்கிறார்கள்.
எந்த ஊர் மஞ்சள் என்று
இம்தாதின் போன் சொல்லும்.
சிக்னல் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

காத்திருந்தோம்.
பணிஸைப் பிய்த்துத் தின்றோம்.
அவன் போய் லுஹர் தொழுதுவிட்டு வந்தான்,
அது அதே காலில்.
எனக்குக் கால் விறைத்து
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்
எத்தனை தரம் மாறினேன் என்று
எண்ணவில்லை.

முழங்கால் தண்ணீரில் நின்ற
வலைக்காரர் ஒருவர் கேட்டார்:
"இதுகள எண்ணினா என்ன தருவாங்க?"
"ஒண்டும் தராங்க."
"மறுகா?"
அந்த மறுகாவுக்கு
எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.
அவரும் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார்.
"விடிய மற்றக் காலில நிண்டது" என்றார்.
வலையை வீசினார்.

வலை விழுந்த சத்தத்தில்
மூக்கன் காலை இறக்கியது.
மூன்று எட்டு வைத்தது.
எழுத்து ஒன்று துலக்கமாய்த் தெரிந்தது,
அடுத்ததில் சேறு.
மூன்றா, எட்டா?

டொக்டர்மாரின் கிறுக்கலையெல்லாம் வாசித்தவள்.
ஒருவர் குளிசையை இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை.
"மூன்று" என்றேன்.
"எட்டு" என்றான்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்த மழை
முதல் துளியை
என் பைனாகுலரின் வலது கண்ணில் போட்டது.
சேற்றை மழை கழுவும்தான்.
எங்கள் கண்ணாடியையும் அல்லவா கழுவுகிறது.
கொப்பியைப் பணிஸ் பைக்குள் திணித்துப்
பாலத்தடிக்கு ஓடினோம்.

மூக்கன் அங்கேயே நின்றது, மங்கலாய்.
அதற்குப் பத்து முழம் தள்ளி வலைக்காரர்,
தலையில் சேட்டைப் போட்டுக்கொண்டு.
"அண்ணே, அந்தக் காலில என்ன எழுதிக் கிடக்கு?"
இம்தாத் கத்தினான்.
அவர் குனிந்து பார்த்தார்.
எதையோ திருப்பிக் கத்தினார்,
மழை அதைக் கேட்கவிடவில்லை.
கையை உயர்த்தினார்.
மூன்று விரல்.

"பார்த்தியா" என்றேன்.

"மற்றக் கையில வலை கா" என்றான் இம்தாத்.