ஐம்பது நிமிடம்

புர்க்டோர்ஃப். இரண்டாம் மாடி.
மேசையில் நாலு கிளாஸ் தண்ணீர், ஒருவரும் தொடவில்லை.
சுகிர்தா கதவடியிலேயே கேட்டுவிட்டார்:
"தங்கச்சி, நீங்கள் கோயிலுக்கு வாறனீங்களோ?"
இல்லை என்றேன். மூச்சு விட்டார்.

ஓகஸ்ட் முதலாந் திகதி மிஞ்சின வெடி ஒன்று.
ஸ்டேஷனடி மஞ்சள் தபால்பெட்டி.
பதினொரு கடிதம் கருகிப்போனது.
கூட நின்ற மூன்று பேரும் ஓடிவிட,
தர்மிகன், வயது பதின்மூன்று,
குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தானாம்.

திருமதி ஏஷ்லிமன் ஒரு சொல் சொன்னார்.
அதற்கு என்னிடம் தமிழ் இல்லை.
தண்டனை என்றால் சிறை மணக்கும்,
நடவடிக்கை என்றால் பொலிஸ் வந்து நிற்கும்.
"ஏச்சு மாதிரி அக்கா, ஆனால் எழுத்தில.
பிறகு ரெண்டு புதன் பின்னேரம்
நகரசபை ஆக்களோட நிண்டு
பெட்டியளைத் துடைச்சுப் பெயின்ற் அடிக்கவேணும்."

சுகிர்தா அழவில்லை. மகனைப் பார்த்தார்:
"வீட்டை வா, தோலை உரிச்சுத் தொங்கவிடுறன்."

ஒன்றையும் விடாமல் சொல்வதுதான் என் தொழில்.
நான் ஜெர்மனில் சொன்னது:
தாய் மிகவும் மனம் வருந்துகிறார்.

பெடியன் முதல் தடவையாகத் தலை நிமிர்த்தினான்.
அந்த அறையில் இரண்டு பக்கமும் கேட்பது
அவனுக்கும் எனக்கும் மட்டும்தான்.
"அம்மா அப்பிடிச் சொல்லேல்லை,"
என்றான், அசல் பேர்ண் பாஷையில்.
என் காது சுட்டது.
திருத்திச் சொன்னேன், தோலோடு சேர்த்து.

ஏஷ்லிமன் பேனையை வைத்தார். உரிப்பீர்களா?
"ஐயோ, சும்மா சொல்லுறதுதானே..."
பிறகு, கேளாமலே, மெதுவாக:
"எனக்குப் பாண் பேக்டரியில இரவு வேலை.
இவன் எத்தினை மணிக்கு வீட்டை வாறான் எண்டு
எனக்குத் தெரியாது, தங்கச்சி."
இதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.
ஏஷ்லிமன் பேனையைத் திரும்ப எடுத்தது
அதற்காகத்தான்.

கடைசியில் மன்னிப்புக் கடிதம்.
பதினொரு பேரும் யாரென்று தெரியாது,
ஆகவே பெட்டியைத் திறந்த தபால்காரிக்கு,
அவன் கைப்பட, ஒரு பக்கம்.
"எனக்கும் ஒருக்கால் வாசிச்சுக் காட்டுவானோ?"
நான் வாய் திறக்கமுன்
"ஓம்" என்றான். தமிழில்.
"ஆனா உங்களுக்கு விளங்காது."
"வாசி. நான் கேக்கிறன்."

படிவத்தில் ஐம்பது நிமிடம் என்று நிரப்பிக் கையெழுத்து வைத்தேன்.
கீழே பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றோம்,
முன்பின் தெரியாதவர்கள் போல.
அவன் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்தது.
நான் சொல்லவில்லை.
என் நேரம் முடிந்திருந்தது.