உறைவிடம்

ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் செய்தால்
வீட்டில் எல்லாம் இரண்டிரண்டு.
ரொட்டி வாட்டும் யந்திரம் இரண்டு,
குழி விழுந்து பழகிய மெத்தை இரண்டு.
'நான் வருகிறேன்' என்று சொல்கிற வாய்தான்
ஒன்றுகூட இல்லை.

குவோப்பியோவில் என் மருத்துவமனை.
ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டும் வேலை,
காலை ஆறரைக்கு.
யுவாஸ்குலாவில் ஓஸ்மோவின் பட்டறை.
காகித ஆலைகளுக்கு உருளை கடைவது,
ஏழு மணிக்குச் சங்கு.
நடுவில் நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர்
ஊசியிலைக் காடு.

என் வீட்டில் சவுனா இருக்கிறது, என்றான்.
என் பால்கனியில் மாலை வெயில் விழும், என்றேன்.
அவன் சொல்லாதது:
பட்டறையைத் தவிர வேறெங்கும்
தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது.
நான் சொல்லாதது:
ஒரு முறை ஒருவன் ஊருக்குப் பெட்டியோடு போனேன்.
திரும்பும்போது பெட்டி கனக்கவில்லை.
இரண்டையும் விட்டுவிட்டுப்
பெட்ரோல் விலையைப் பேசினோம்,
நள்ளிரவு வரை.

கடைசியில்
நூலிழைத் தவறையும் விரல் நுனியில் அறிகிறவன்
வரைபடத்தை மேசையில் விரித்து
ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தான்.
சரிபாதியில் பென்சிலால் ஒரு புள்ளி.
புள்ளி ஏரியில் விழுந்தது,
தீவுகூட இல்லாத வெறும் நீலத்தில்.
'படகு வாங்கலாமா?'
நான் சிரிக்கவில்லை.
அவனும் கேலியாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

டிசம்பரில் ஏரி உறைந்தது.
நாங்கள் இன்னும் எங்கும் உறையவில்லை.
சனிக்கிழமை அவன் வீடு, அடுத்த சனி என் வீடு,
எங்கே போனாலும்
பல்துலக்கி மட்டும் இன்னொரு ஊரில்.

பிப்ரவரியில் ஒரு நாள்
அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் கிளம்பி
கரையில் கார்களை நிறுத்திவிட்டு
கைப்பேசி காட்டிய வழியே நடந்தோம்,
பனிக்கட்டியின் மேல், புள்ளியைத் தேடி.

அங்கே ஒருவர் துளை போட்டு
முக்காலியில் உட்கார்ந்து தூண்டில் பிடித்திருந்தார்.
'என்ன தொலைத்தீர்கள்?'
'வீடு' என்றான் ஓஸ்மோ.
அவர் கால்மணி நேரம் யோசித்திருப்பார்.
'ஏப்ரல் வரை தாங்கும்' என்றார்.

காலடியில் பனிக்கட்டி முனகியது.
ஃபிளாஸ்க்கில் காபி இருந்தது, கோப்பை ஒன்றுதான்.
மாற்றி மாற்றிக் குடித்தோம்.
இருவர் வேலைக்கும் அங்கிருந்து ஒரே தூரம்.
சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை
ஒரு சுவர் இல்லை.

இப்போதிருக்கும் வாடகை வீடு கரையில்,
அவன் பக்கத்துக் கரை.
எனக்கு ஒன்பது கிலோமீட்டர் கூடுதல்.
அந்த ஒன்பதை
அவன் பாத்திரம் கழுவிக் கழிக்கிறான்.
சண்டை வந்தால் அது பன்னிரண்டாகிவிடும்.
நான்தான் ஆக்குவேன்.

போன வாரம் இருட்டில் ஃபோன் செய்தான்.
சாலை நடுவே கடமான் நிற்கிறதாம், நகரவில்லையாம்.
'ஹார்ன் அடியேன்.'
'வேண்டாம். அதற்கும் எங்கோ போக வேண்டியிருக்கும்.'
அரைமணி நேரம்
அதன் மூச்சு விளக்கொளியில் புகைவதைச்
சொல்லிக்கொண்டே இருந்தான்.
சூப் ஆறியது. மறுபடி சுடவைத்தேன்.

விடியுமுன் இரண்டு கார்கள் பின்வாங்கும்.
முச்சந்தியில் அவன் இடம், நான் வலம்.

ஜூனில் ஜன்னலைத் திறந்தால்
நாங்கள் காபி குடித்த இடத்தில்
தண்ணீர்.
ஒரு முக்குளிப்பான் அங்கே மூழ்கி
வேறெங்கோ எழுகிறது.