எழுபத்தெட்டாவது நிமிடம்

எழுதிக்கொள்ளுங்கள் ரைட்டர் அய்யா.
பெயர் லோகிதாசன். வயது இருபத்தாறு.
தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட், இலை வாட்டும் மாடி.
ஆமாம், பேக்கரிக் கண்ணாடியை உடைத்தது நான்தான்.
கல் இல்லை, எதிர்க்கடை சோடா கிரேட்.
குடிக்கவில்லை. அதையும் எழுதுங்கள்,
எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஜெயித்தவன் எதற்கடா உடைக்கிறான் என்கிறீர்கள்.
தோற்றவர்கள் ஒழுங்காகக்
கடைசி பஸ்ஸைப் பிடித்து அரவேனு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.
தோற்றோம் என்று அவர்களுக்குத் தெரியும்.
எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

எழுபத்தெட்டாவது நிமிடம் மிஸ்ட் ஏறியது.
கோத்தகிரிக்காரர் உங்களுக்குச் சொல்லவேண்டுமா,
மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வருமே அது.
முதலில் அந்தப்பக்க கோல்போஸ்ட் போனது
பிறகு ஆட்கள்
பிறகு பந்து.
ரெஃப்ரி நிறுத்தவில்லை. விசில் மட்டும்
அங்கொன்றும் இங்கொன்றுமாய்,
சோலைக்குள் வழிதவறிய குருவிபோல.
நாலாயிரம் பேர் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

'கோல்' என்றது எதிர்ப்பக்கம்.
சத்தம் எங்கள் வாய்க்குள் புகுந்து
எங்களுடையதாக வெளியே போனது.
பக்கத்தில் நின்றவரைக் கட்டிக்கொண்டேன்,
யாரென்று இன்னும் தெரியாது.
ஸ்வெட்டரில் தைல வாசனை.

பதினாறு வருடம் கழித்து வந்த கோப்பை அய்யா.
தலையாலா, காலாலா, கோடு தாண்டியதா?
போட்ட பையனையே பிடித்துக் கேட்டேன்.
'எம்மேல பட்டுச்சுண்ணா' என்றான், அவ்வளவுதான்.

ஆட்டம் முழுக்க என் வலதுகால்
ஒவ்வொரு பந்தையும் உதைத்தது.
முன்னால் நின்றவரின் கெண்டைக்கால் சாட்சி.
அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
அவரும் தனக்கு முன்னால் நின்றவரை
உதைத்துக்கொண்டுதான் இருந்தார்.
பந்தைத் தொட்டது இருபத்திரண்டு பேர்.
கோப்பையைத் தொட்டது சங்கத் தலைவர், அவர் மச்சான்.
நாங்கள் எதையும் தொடவில்லை.

வாட்டும் மாடியில் ராத்திரியெல்லாம் காற்றடிக்கும்.
கொட்டிய பச்சை இலை
விடியும்போது பாதி எடைதான் நிற்கும்.
மீதி எங்கே என்று ஒரு மேஸ்திரியும் கேட்டதில்லை.
அன்றைக்கு எனக்குள் அது
போகமாட்டேன் என்று நின்றுவிட்டது.
வேறெப்படிச் சொல்ல, இதை எழுதாவிட்டாலும் சரி.

பஜாருக்குள் இறங்கினோம். யாரும் கூட்டிப்போகவில்லை.
எவனோ ஷட்டரைத் தட்டினான், அடுத்த ஷட்டரை இன்னொருவன்.
நன்றாக இருந்தது அய்யா, மறைக்கமாட்டேன்.
ஃபேக்டரியில் நான் பன்னிரண்டாம் நம்பர் டோக்கன்.
அந்த ரோட்டில்
என் கை எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை.

எல்லாம் வெள்ளையாக இருக்க
ரவூப் பாய் கடை மட்டும் ட்யூப்லைட் போட்டு நின்றது,
கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக வர்க்கி.
சாயங்காலத்திலிருந்து
தெளிவாகக் கண்ணில் பட்ட முதல் பொருள்.

அது உடைந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.
ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

வர்க்கி நொறுங்குவதும் கண்ணாடி நொறுங்குவதும்
காதுக்கு ஒரே மாதிரிதான்.
பாய் தட்டைத் தலைக்குமேல் பிடித்தபடி
கல்லாவுக்கு அடியில் குந்தியிருந்தார்.
ஜெர்சிக்கு ஐந்நூறு கொடுத்தவர்.
அன்று கடையைவிட்டு நகர முடியாமல்
வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டவர்.
என்னைப் பார்த்தார். புருவத்தில் ரத்தம்.
'நம்மதானே ஜெயிச்சோம்?' என்றார்.

பதில் சொல்லாமல் ஓடினேன்.
பிடிபட்டது கேசலாடா போகும் திருப்பத்தில்,
கிரேட் இன்னும் கையிலேயே இருந்தது.

கண்ணாடிக்கு ஒன்பதாயிரம் சொல்கிறார்கள்.
மூன்று தவணையாகக் கட்டுகிறேன்.
வர்க்கிக்குப் பாய் கணக்குச் சொல்லவில்லை.

கையெழுத்து எங்கே போடணும்? இங்கேயா?
நீங்களும் அன்றைக்கு பந்தோபஸ்தில்
அந்தப்பக்க போஸ்ட்டுக்குப் பின்னால்தான் நின்றீர்களாம்.
இதை எழுத வேண்டாம், சும்மா கேட்கிறேன்:

கோடு தாண்டியதா அய்யா?