பத்தொன்பது நாள் மூத்தவன்

காலை நான்கு முதல் மாலை நான்கு வரை
நான் கம்பெனியின் ஆள்.
கைப்பேசி அடித்தால்
தொண்ணூறு நிமிடத்தில் திருச்சி விமான நிலையம்.
கானாடுகாத்தானிலிருந்து எழுபத்தைந்தில் போய்விடலாம்,
புதுக்கோட்டைக்குள் ஊர்வலம் எதுவும் மறிக்காவிட்டால்.
காரைச் சாலை பார்த்துத் திருப்பி நிறுத்தியாயிற்று.
தேய்த்த வெள்ளைச் சட்டை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது,
தோளில் மூன்று கோடு,
என்னைவிட விறைப்பாக.

பக்கத்து வளவில் கல்யாணம்.
ஆறு மணிக்கே எண்ணெய்ச் சட்டி ஏறிவிட்டது.
பலகாரத் தட்டோடு வந்த அயித்தை கேட்கிறார்:
"சிகப்பி, கேப்டன் ஆயாச்சா?"
இன்னும் இல்லை.
"அப்ப ஓட்டுறது யாரு?"
பாதி நான்தான்.
"எந்தப் பாதி?"
சிரித்துக்கொண்டே ஒரு சீயத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.
இதற்கான பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை.

மூன்று வருடம் என்றார்கள் சேரும்போது.
இது ஏழாவது.
நாலாயிரத்து நூறு மணி நேரம் ஆகாயத்தில்.
எஞ்சின்கள் பழுதுபார்க்கப் போனவை போனவைதான்;
வாயில் துணி கட்டிய விமானங்கள்
ஓரமாக வெயில் காய்கின்றன.
விமானம் கூடாமல் கேப்டன் கூடமாட்டார்.
கடிதத்தில் ஒரே சொல்: தற்காலிகமாக.
அதற்கும் மூன்று வயது முடிந்துவிட்டது.

கோயில் கணக்கிலிருந்து ஆள் வந்திருந்தார்,
புது மாப்பிள்ளைக்குப் புள்ளி எழுத.
தாலி கட்டினால் ஒரு புள்ளி.
முப்பத்து நாலு வயதில் நான்
அந்த நோட்டில் எங்கும் இல்லை.
கம்பெனி நோட்டில் இருக்கிறேன்:
இருநூற்று எண்பத்தேழு.
ஒருவர் ஓய்வு பெற்றால், ஒருவர் தோஹாவுக்குப் போனால்
எண் ஒன்று குறையும்.
குறைவதுதான் அங்கே வளர்ச்சி.
எங்கள் வட்டிக் கணக்குக்கு நேர் எதிர்.

ஒரே நாளில் ஒன்பது பேர் சேர்ந்தோம்.
யார் முன், யார் பின்?
பிறந்த தேதியைப் பார்த்து அடுக்கினார்கள்.
அருள்தாஸ் என்னைவிடப் பத்தொன்பது நாள் மூத்தவன்,
அதனால் அவன் எண்பத்தாறு.
ஏழு வருடமாகப் பட்டியலில்
அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
மருத்துவப் பரிசோதனைக்குப் போனான் போன வெள்ளிக்கிழமை.
இதய வரைபடத்தில் ஒரு கோடு
போகக்கூடாத பக்கம் போயிருந்தது.
திங்களன்று புதுப் பட்டியல்:
286. மெ. சிகப்பி.
யாருக்கும் சொல்லவில்லை.
அன்றைக்கு யாராவது வாழ்த்தியிருந்தால் அடித்திருப்பேன்.

இரண்டு மணிக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.
போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் பத்து நிமிடத் தூரம்.
கைப்பேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.
விரிசல்களில் புல்,
புல்லில் பண்ணை மாடுகள்.
ஒரு பெண் தனியாக ஸ்கூட்டி பழகினாள்;
திருப்பத்தில் காலை ஊன்றி,
சுற்றும் பார்த்து,
மறுபடியும் கிளம்பினாள்.
பின்னால் உட்கார்ந்து சரிபார்க்க யாருமில்லை.
தூரத்தில் ஒரு மாடு மட்டும் தலையைத் தூக்கியது.

அவனுக்கு எழுத மூன்று முறை முயன்றேன்.
'வருத்தம்' என்றால் பொய்யாக இல்லை,
முழு உண்மையாகவும் இல்லை.
அழித்தேன்.

மூன்று ஐம்பத்திரண்டு.
இன்னும் எட்டு நிமிடம் என்று
மனசு கல்யாணப் பந்திக்குப் போயிருந்த நேரம்
அடித்தது.
"மேடம், ஹைதராபாத். ஆறு இருபது. வர முடியுமா?"
முடியுமா என்பது மரியாதைக்கு.
நாற்காலியிலிருந்து சட்டையை எழுப்பினேன்.
பந்தி இலைகளைத் தாண்டும்போது அயித்தை
ஒரு பொட்டலத்தைப் பைக்குள் திணித்தார்.

காரில் உட்கார்ந்து அவனுக்கு இவ்வளவுதான் அனுப்பினேன்:
ஹைதராபாத் போறேன்.
சாவி திருப்புமுன் பதில் வந்தது.
"சாயங்காலம், வடக்கே.
வெயில் இடது இருக்கைக்குத்தான்.
உனக்கு நிழல். இருக்கும்வரை அனுபவி."