வால்வு

பகாவ் தாமானில் இரவு இரண்டு மணி.
மின்விசிறி சுடுகாற்றை அரைக்கிறது.
திரையில் வெள்ளி:
அதன் மேகத்துக் கந்தக டைஆக்சைடு
பத்தாண்டில் ஏறி இறங்கிய கணக்கு,
ஒரு வளைகோடு.
மூன்று மாதமாக ஒரே ஒரு புள்ளி
கோட்டுக்கு வெளியே நிற்கிறது,
கூப்பிட்டாலும் வராத பூனை மாதிரி.

ஷிப்ட் முடிந்து எதிர்வீட்டு மாணிக்கராயன்
செம்பனை ஆலை வாடையோடு
கேட்டருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.
"இன்னும் தூங்கலையா? அங்க மழை உண்டா?"
"உண்டு, அமிலமா. தரையைத் தொடுமுன்னே
ஆவியாயிடும்."
"அப்ப மழைன்னு சொல்லி லீவு கிடைக்காது."

பால்வெட்டுக் கணக்கு; பிரட்டில் நிற்காத எனக்குப் புரிய
கொஞ்சம் நேரமானது.

"எங்க ஸ்டெரிலைசர் மூணு பார்.
அங்க எவ்வளவு?"
"தரையில தொண்ணூத்திரண்டு."

எஞ்சினை அணைத்தார்.
வெகுநேரம் மேலேயே பார்த்தார்.
வெள்ளி இன்னும் எழவில்லை,
நான் சொல்லவில்லை.
"தொண்ணூத்திரண்டா…
வால்வை யாரு திறப்பா?"

உள்ளே வந்து,
அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில்
'கருவிப் பிழை' என்றிருந்ததை அடித்துவிட்டு
அவர் கேள்வியை எழுதினேன்.